வணக்கத்துக்கு முன்னால் காய்ச்சல்

ஜெர்மன் நோட்டை எல்லாரும் வணக்கம், நலமா என்றுதான் தொடங்குவார்கள். நான் காய்ச்சலில் தொடங்கினேன். காய்ச்சல், வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல். அதற்கப்புறம்தான் வணக்கம்.

கணவர் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். ஜெர்மன் மொழி முதல்நிலைத் தேர்வில் நான் தேறினால் மகளோடு போய்ச் சேரலாம். ஆனால் என் பயம் தேர்வைப் பற்றி மட்டும் இல்லை. ஒன்றரை வயதில் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கினோம். எப்போது தொடங்கியது, எந்தக் கை இழுத்தது என்று டாக்டரிடம் சொல்ல அன்று எனக்கு வார்த்தை இருந்தது. அங்கே, கணவர் ஷிப்டுக்குப் போன நேரத்தில் அப்படி ஆனால்?

அதனால்தான் நோட்டில் அவ்வளவு ஒழுங்கு. வகுப்பில் ரஃப் நோட்டு, மதியம் பிள்ளை தூங்கும்போது ஃபேர் நோட்டு. மார்ஜின் போட்டு, ஆண்பால் சொல்லுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, இரண்டும் இல்லாததற்குப் பச்சை. ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

"நோட்டையா பிளேன்ல ஏத்தப் போற? வாயத் தொறந்து பேசிப் பாரு புள்ள," என்றார் கணவர் போனில்.

"தப்பா வந்துருமுங்க."

"வரட்டுமே. நான் தப்பாப் பேசித்தான் இங்க தெனம் சோறு திங்கறேன்."

வகுப்பு போனில்தான் நடக்கும். ஒரு நாள் சாயங்கால வகுப்பில், ஆசிரியை எல்லாரையும் நோட்டை மூடச் சொன்னார். கொல்லைக் கதவருகேதான் சிக்னல் கிடைக்கும். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தேன். "நான்தான் டாக்டர்," என்று என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்கு என்ன என்று ஜெர்மனில் கேட்டார்.

அந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. சொல் மட்டும் வரவில்லை. ஜீப்தான் நினைவுக்கு வந்தது. "புள்ளைக்குக் காச்சலுங்க, கை இழுக்குதுங்க," என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

யாரோ சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "சரிங்கம்மா. இப்ப அந்த ஊர் டாக்டருக்குச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

'மைன் கிண்ட்' என்றேன். என் குழந்தை. 'ஃபீபர்' என்றேன். காய்ச்சல். நடுவில் ஒரு சொல் விட்டுப்போயிற்று.

"டாக்டருக்குப் புரிஞ்சுருச்சு," என்றார் ஆசிரியை.

எனக்கு ஆறுதலாக இல்லை. அங்கே இருக்கும் டாக்டருக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா? மறுநாள் காலையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே, நோட்டை எடுக்காமல், மகளை எதிரே டாக்டராக உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். மைன் கிண்ட் ஹாட் ஃபீபர்.

"என்னம்மா சொல்ற?"

"உனக்குக் காச்சல்னு சொல்றேன் சாமி."

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கழுத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வலிப்புக்கான வாக்கியத்தைத் தொடங்கினேன்.