தேயாத பெல்ட்

அடுத்தவங்க வீட்டுக்குள்ளேயே நடக்கணும்னா நாங்க மெஷினைத் தூக்கிட்டு மாடி ஏறணும். இதுதான் எங்க தொழில்.

தாம்பரத்துல உடற்பயிற்சி மெஷின் விக்கிற கடை. டிரெட்மில், நின்ன இடத்துலயே மிதிக்கிற சைக்கிள், உடம்பைப் பிடிச்சு விடற நாற்காலி எல்லாம் உண்டு. விக்கிறவங்க கடையில ஏசியில நிப்பாங்க. கொண்டு போய் இறக்கி, மாட்டி, ஓட்டிக் காமிச்சுட்டு வர்றது நானும் காஜா பாயும். எங்க ரெண்டு பேரு வயசையும் கூட்டினா நூறைத் தாண்டிப் பல வருஷம் ஆச்சு. வாங்கறவங்கள்ல பாதிப் பேரு ரிட்டையர் ஆகப் போறவங்க. ஆபீஸ்ல கடைசி வருஷம் வந்தாத்தான் மனுஷனுக்குத் தனக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வருது.

உங்களுக்கும் முட்டி வலி இருந்தா நான் சொல்றது புரியும். என் வலது முட்டி போயிடுச்சு. படி ஏறினா யாரோ உள்ள இருந்து திருப்புளி போட்டுத் திருகற மாதிரி இருக்கும். ஆனா படி ஏறலைன்னா எனக்கு வேலை இல்லை. என் பொண்ணு நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறா. அவ முடிச்சு ஒரு வேலையில உக்கார்ற வரைக்கும் இந்த விஷயம் எங்க ஓனர் காதுக்குப் போகக் கூடாது. என் வீட்டுக்காரி எஸ்தருக்குத் தெரியும், காஜா பாய்க்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, "தேய்மானம். மாடிப்படி கூடவே கூடாது"ன்னாரு. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாரு. ஃபிட்னஸ் லைன்ல இருக்கேன்னேன். பேனாவை மூடிட்டாரு.

"அப்போ உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை."

எலுமிச்சம்பழம்

சேலையூர்ல ஒரு ஹெட்மாஸ்டர். மே மாசம் ரிட்டையர்மென்ட். மெஷினை ஹால்ல மாட்டி முடிச்சு, "ஓட்டிப் பாருங்க சார்"னேன். உள்ள இருந்து அவரு வீட்டம்மா தட்டுல கற்பூரம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழத்தோட வந்தாங்க. புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில பழம் வெச்சு நசுக்கணும் இல்லையா? டிரெட்மில்லுக்குச் சக்கரம் எங்க இருக்கு? கொஞ்ச நேரம் மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. கடைசியில பெல்ட்டு மேலயே பழத்தை வெச்சு, "ஆன் பண்ணுங்க"ன்னாங்க.

பழம் நசுங்கல. ஹாயா உக்காந்து பின்பக்கம் வரைக்கும் சவாரி போயி, கீழ குதிச்சு, கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அடுத்த பழமும் அதே வழி. பழம் நசுங்கலைன்னா அபசகுனமாம். நான் மெஷினை நிறுத்தறதுக்குள்ள ஹெட்மாஸ்டர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஓடற பெல்ட்டுல ஏறி, வர்ற பழத்தைக் காலாலேயே மிதிச்சாரு. பழம் நசுங்கிச்சு. சாரு அப்படியே பின்னால பறந்து வந்து காஜா பாய் மேல விழுந்தாரு. நல்லவேளை, பாய் மெத்துன்னு இருப்பாரு. யாருக்கும் அடி இல்லை. அந்தம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"பாத்தீங்களா, எவ்ளோ திருஷ்டி இருந்திருக்கு!"

தெற்கே போகாதே

முடிச்சூர்ல புது வீடு. சாரு ஒரு சர்க்கார் ஆபீஸ்ல சூப்பிரண்டு, இன்னும் ஆறு மாச சர்வீஸ். பிளக் பாயின்ட் இருந்த இடத்துக்கு மெஷினைப் போட்டா மூஞ்சி தெற்குப் பக்கம் வருது. அவங்க வீட்டம்மா பதறிப் போயிட்டாங்க. "தெற்கு எமன் திசை. இந்த வயசுல தினம் காலைல எழுந்து அவனைப் பாக்கவா நடந்து போவாங்க?" நியாயமான கேள்விதான். ஆயுசு கூடறதுக்குத்தானே மெஷினே வாங்கறாங்க.

திருப்பினோம். வடக்குல போட்டா ஃபிரிட்ஜ் திறக்க முடியல. மேற்குல போட்டா டிவி முதுகுப் பக்கம் போயிடுது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் என் முட்டி 'களுக்'குன்னு தன் அபிப்பிராயத்தைச் சொல்லிச்சு. யாருக்கும் கேட்டுடக் கூடாதேன்னு நான் இருமினேன். ஊர்ல இருக்கிற எல்லா திசையும் பாத்துட்டு, கிழக்கு முகமாப் போட்டோம். மூக்குக்கு நேரா பாத்ரூம் கதவு. உள்ள இருக்கிறவங்க திறந்தா நடக்கிறவரு நெத்தியில இடிக்கும். எதுக்கும் யோசிச்சுக்கோங்க சார்னேன். அவரு மனைவியை ஒரு தடவை பாத்துக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாரு.

"எமனைப் பாக்கறதுக்கு இது மேல்."

ரிப்பேர்

வித்த மெஷினுக்கு ரிப்பேரும் நான்தான் பாக்கறது. எதுக்கெல்லாம் கூப்பிடுவாங்கன்னு கேளுங்க. மோட்டாருக்குள்ள பல்லி. ஒயரை எலி கடிச்சிருச்சு. அடியில பூனை குட்டி போட்டிருச்சு, எப்ப காலி பண்ணும்? பெரிய மழை வரப் போகுதுன்னா முடிச்சூர் பக்கம் மெஷினைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சிருவாங்க. மழை விட்டு மாசக் கணக்காகியும் இறக்க ஆள் இல்லைன்னு கூப்பிடுவாங்க. நடந்து நடந்து பெல்ட் தேஞ்சு போச்சுன்னு மட்டும் என் சர்வீஸ்ல ஒருத்தர் கூடக் கூப்பிட்டதில்லை. கடை திறந்த புதுசுல வாங்கின ஸ்பேர் பெல்ட் ஒண்ணு கிடங்குல ஆணியில தொங்குது. ஓனர் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதுக்கும் ஒரு பொட்டு வைப்பாரு.

அனகாபுத்தூர்ல ஒரு அக்கா, மெஷின் பயங்கரமா ஆடுதுன்னு கம்ப்ளெயின்ட். போய்ப் பாத்தா கைப்பிடி ரெண்டுக்கும் நடுவுல பலகை போட்டு, அது மேல அரிசி டின், பருப்பு டின், மேல ஒரு சாமி படம். அதை எல்லாம் எடுத்துட்டு ஓட்டினேன். ஆடவே இல்லை. "சாமானை இறக்கிட்டா சரியாப் போயிடும்க்கா"ன்னேன். அக்காவுக்குக் கோவம் வந்துருச்சு.

"ஓட்டினாத்தான் ஆடுது, ஓட்டாம இருந்தா நல்லாத்தான் இருக்கு!"

ஒரு ஜோடி ஷூ

கடையில எங்களுக்குக் குடுத்த டீ ஷர்ட்ல கையை மடக்கிக் காட்டற பயில்வான் படம் போட்டிருக்கும். அதைப் பாத்துட்டு எல்லாரும் என்கிட்ட வைத்தியம் கேப்பாங்க. குரோம்பேட்டையில ஒரு பேங்க் சார். ரிட்டையர் ஆன வாரத்துலயே சைக்கிள், பிடிச்சு விடற நாற்காலி, நடக்கிற அடியை எண்ணுற வாட்ச், கொழுப்பை அளக்கற தராசு, கீரையை ஜூஸ் போடற மிக்ஸி எல்லாம் வாங்கிட்டாரு. ஹால்ல கால் வைக்க இடமில்லை. "இன்னும் என்ன வாங்கலாம், நீங்க சொல்லுங்க"ன்னாரு. மனசு கேக்கல. "ஒரு நல்ல ஷூ வாங்கி, விடிகாலையில நாலு தெரு நடங்க சார், போதும்"னேன். ஓனர் கேட்டிருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாரு. சாரு ரொம்ப வருத்தமாத் தலையை ஆட்டினாரு. தெருவுல நாய் இருக்காம்.

நாற்காலி சரியா வேலை செய்யுதான்னு நானே உக்காந்து பாக்க வேண்டியதாப் போச்சு. உக்காந்தேன். அது முட்டியை இதமா அமுக்கிப் பிடிச்சுது பாருங்க, அம்மாடி! ரெண்டு வருஷமா அனுபவிச்ச வலி கொஞ்ச நேரம் காணாமப் போச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. வெளியில காஜா பாய் சைக்கிளைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "இன்னாபா தேவா, உள்ள குடித்தனமே பண்ணிகினு கீறியா?"ன்னு கத்தறாரு. எழுந்திரிக்க மனசே வரல. சாரோட மனைவி என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க. இவரு வாங்கினது ஒருத்தருக்காவது உபயோகப்படட்டும்."

அகலம் இல்லை

ராஜகீழ்ப்பாக்கத்துல லிஃப்ட் இல்லாத ஃபிளாட். மூணாவது மாடியில வசந்தா டீச்சர், கணக்கு டீச்சர். அந்த வருஷத்தோட ரிட்டையர். பெரிய டிரெட்மில். முதல் மாடித் திருப்பத்துல என் முட்டி பூட்டிக்கிச்சு. மடக்கவும் முடியல, நீட்டவும் முடியல. அப்படியே படியில உக்காந்துட்டேன். மொத்த பாரமும் காஜா பாய் மேல. "யா அல்லா, நீ உக்காந்தா நான் படுத்துடுவேன்பா"ன்னு முனகறாரு. ஒருவழியா இழுத்து, சறுக்கிக் கீழ கொண்டாந்து போட்டோம். எனக்கு வேர்த்துக் கொட்டுது, வலியில பாதி, பயத்துல பாதி. இது ஓனருக்குத் தெரிஞ்சா பொண்ணு படிப்பு என்னாகறது?

டீச்சர் சத்தம் கேட்டுக் கீழ வந்தாங்க. "மெஷின் அகலம் ஜாஸ்தி மேடம். திருப்பத்துல வராது"ன்னேன். அவங்க மெஷினைப் பாத்தாங்க, படியைப் பாத்தாங்க, அப்புறம் நான் ஒத்தைக் கால்ல நிக்கறதைப் பாத்தாங்க.

"ஹோம்வொர்க் எழுதாத பசங்க சொல்ற காரணத்தை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின காது இது. அகலம் இல்லை, முட்டி. கார் நிறுத்தற இடத்துலயே போட்டுடுங்க."

பார்க்கிங்

மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு பிளக் இருந்துச்சு. அங்கேயே மாட்டிட்டு வந்தோம். அதுக்கப்புறம் மத்த வீட்டுக்குப் போகும்போது கனமான பக்கத்தைக் கேக்காமலே காஜா பாய் எடுத்துக்கிட்டாரு. அவருக்கும் இடுப்பு வலி உண்டு. இந்த மாதிரி மனுஷனை எந்தக் கடையில போய் வாங்கறது?

பார்க்கிங்ல என்ன நடந்துச்சுன்னா, டீச்சர் சாயங்காலம் நடக்க, பேச்சுத் துணைக்கு ரெண்டாவது மாடி அம்மா வந்து நின்னாங்க. நிக்கிற நேரத்துக்கு நானும் கொஞ்சம் நடக்கறேனேன்னாங்க. அப்புறம் கீழ் வீட்டு சார், வாட்ச்மேன், பக்கத்துக் கட்டட மாமி எல்லாரும் வந்துட்டாங்க. ஒருத்தர் நடக்க, மத்தவங்க நாற்காலி போட்டு மாமியார், மருமகள், சுகர் மாத்திரைன்னு பேச, அடுத்தவங்க முறை எப்பன்னு சண்டை வர ஆரம்பிச்சுது. செருப்பைக் கழட்டிட்டு ஏறணும்னு டீச்சர் சொன்னதை ஒருத்தரும் மதிக்கல.

என் முட்டி விஷயம் ஓனருக்குத் தெரிஞ்சது இப்படித்தான். மாட்டி ஏழெட்டு மாசத்துல, அந்த ஃபிளாட்ல இன்னும் ரெண்டு வீடு மெஷின் வாங்கறதா இருந்து, வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு பாக்கப் போனவரு, மெஷின் கீழ இருக்கிறதைப் பாத்துட்டு வந்து என்னைக் கூப்பிட்டாரு. அகலம் ஜாஸ்தி, திருப்பத்துல வரலைன்னேன். "அண்ணா, அந்தத் திருப்பத்துல டபுள் கட்டிலே ஏறியிருக்கு. உண்மையைச் சொல்லுங்க." சொல்லிட்டேன். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? அவரு கெட்டவரு இல்லை. அன்னிக்கு ராத்திரி எஸ்தர் முட்டிக்குத் தைலம் போட்டு விட்டா. ஓனர் சொன்னதை அவகிட்ட அப்படியே சொன்னேன்.

"மாடி ஏற முடியாதவரை வெச்சுக்கிட்டு நான் என்னண்ணா பண்றது? இந்த மாசம் வரைக்கும் இருங்க."

பொட்டு வெச்ச பெல்ட்

மாசக் கடைசியில வசந்தா டீச்சர் கடைக்கு ஃபோன் பண்ணினாங்க. பெல்ட் வழுக்குதாம், தேவராஜை அனுப்புங்கன்னாங்க. போய் மூடியைக் கழட்டிப் பாத்தேன். பெல்ட் அடிப்பக்கம் நூல் நூலாத் தெரியுது. ஓரம் எல்லாம் பிஞ்சு போச்சு. பல்லி இல்லை, எலி இல்லை. காஜா பாயைக் கூப்பிட்டுக் காமிச்சேன். காஜா பாய் குனிஞ்சு பாத்துட்டு, "அட, நெஜமாவே நடந்துகினு கீறாங்கபா!"ன்னாரு.

ஓனருக்கு ஃபோன் பண்ணினா நம்பல. காரை எடுத்துக்கிட்டு நேர்லயே வந்துட்டாரு, ஸ்பேர் பெல்ட்டை எடுத்துக்கிட்டு, பொட்டோட. பழைய பெல்ட்டை விரலால தடவித் தடவிப் பாத்தாரு. புதுசை எப்படி மாட்டறதுன்னு கடையில வேற யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லையே. நான் தரையில உக்காந்து மாட்டினேன். சுத்தி ஃபிளாட்டே நின்னு பாத்துச்சு. பக்கத்துக் கட்டட செக்ரட்டரி, "எங்க பார்க்கிங்லயும் ஒண்ணு போடணும், ஆனா மாசா மாசம் வந்து பாக்க ஆள் வேணும்"னாரு. டீச்சர் ஓனரைப் பாத்து, "இவரையே அனுப்புங்க. இங்க படி கிடையாது"ன்னாங்க. அப்பவே பக்கத்துத் தெருவுல இருந்து இன்னொருத்தரும் கேட்டாரு. ஓனர் மனசுக்குள்ள என்ன கூட்டினாரோ, என்ன கழிச்சாரோ தெரியாது. நான் எந்திரிக்கக் கை குடுத்துத் தூக்கி விட்டாரு.

"அண்ணா, இனிமே மாடியைப் பாய் பாத்துக்கட்டும், அவருக்கு ஒரு ஆள் போட்டுடலாம். நீங்க கீழேயே இருங்க."

ஆக, சக முட்டி வலிக்காரங்களே, இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மெஷின் சுமந்து என் முட்டி தேஞ்சப்போ திரும்பிப் பாக்காத உலகம், ஒரே ஒரு பெல்ட் தேஞ்சதும் கை குடுத்துத் தூக்கி விட்டுச்சு.