அக்கா செய்து முடித்த மொய்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நாலு பேர் முன்னால் பேசவே வராத என்னிடம், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் கொடுத்துவிட்டார். "அவ கூடவே அலைஞ்சவன் நீ. நீயே எழுது" என்றார். அலைந்தது உண்மைதான். அக்கா ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. தெரிந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து, குடை பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அடுப்படிக்கு வந்தார். என்னை வளர்த்தவரும் அவரே. உலை கொதிப்பதற்குள் குழாயடிக்கும் போய் வந்துவிடுவார். கடைக்கும் போய் வந்துவிடுவார்.

அத்தான் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருந்தார். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துச் சொந்தமாக ரெடிமேட் கடை போட்டார். பொங்கலுக்கு நன்றாகவே ஓடியது. அந்த வருட ஐப்பசி மழையில், தீபாவளிக்கு எடுத்து அடுக்கியிருந்த சரக்கு முழுவதும் தண்ணீரில் நின்றது. பாவாடைச் சாயம் ஏறி வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் நிறமாயின. மொத்த வியாபாரியின் பாக்கி, கடை வாடகை, வட்டிக்குப் பட்ட கடன் எல்லாம் ஒரே மாதத்தில் வாசலுக்கு வந்தன. அக்காவின் வளையல்கள் அடகுக் கடையில் மூழ்கின. அத்தான் பழைய முதலாளியிடமே வேலைக்குத் திரும்பினார். குடும்பம் மயிலாப்பூரில் ஒரு சின்ன போர்ஷனுக்கு வந்தது.

அப்போதுதான் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை ஒரு வழி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"செல்விக்குக் காது குத்து வைடி. ஒரு மண்டபத்தைப் புடி. நம்ம சனம் வந்து மொய் எழுதுனா, வட்டிக்காரன் வாயை ஒரே நாள்ல அடைச்சிரலாம்."

அக்காவின் ஒரே மகள் செல்வி அப்போது சின்னக் குழந்தை. தாய்மாமன் என்பதால் என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அழுது என் வேட்டியை நனைத்துவிட்டாள். மொய் நினைத்ததற்கு மேலேயே வந்தது. அத்தான் மண்டபத்திலிருந்து நேராக வட்டிக்காரரிடம் போய்க் கணக்கை முடித்துவிட்டு வந்தார். "தீர்ந்துதுடி" என்று பாயை விரித்துப் படுத்தார்.

அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"எங்கங்க தீர்ந்துது? ஒருத்தன்கிட்ட பட்ட கடன் இப்ப ஊரு பூரா ஆச்சு. அவ்ளோதான்."

மொய் இனாம் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். செய்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். கூட்டாமல் அதே தொகையை வைத்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். வட்டிக்காரருக்காவது தேதி உண்டு. இதற்குப் பத்திரிகை வருகிற நாள்தான் தேதி.

அன்று முதல் அக்காவின் வரவு செலவு மாறியது. சம்பளம் வந்ததும் அவர் முதலில் பணம் போட்டது மொய் டப்பாவில்தான். அரிசி, வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. காப்பித்தூளில் சிக்கரி கூடியது. மண்ணெண்ணெய் மிச்சமாக வேண்டும் என்று ஒரு வேளைதான் சமையல். பஸ் காசை டப்பாவில் போட்டுவிட்டு, அத்தானுக்குச் சாப்பாட்டை மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு நடந்தே கொண்டு போனார். திரும்பும்போது கடையில் வெட்டிக் கொடுத்த உள்பாவாடைத் துணிகளைத் தலையில் சுமந்து வந்து, வாடகை மெஷினில் தைத்தார். கிண்டிப் பட்டறையில் எனக்கு லீவு விடும் நாட்களில் நானும் கூட நடப்பேன். அவர் நடைக்கு நான் ஓட வேண்டியிருக்கும்.

தபால்காரர் மணி அடித்தால் மெஷின் நின்றுவிடும்.

"இன்னாம்மா, மஞ்சள் தடவுன கவரைப் பாத்தா பாம்பைப் பாத்த மாரி நிக்கிறே? கல்யாணப் பத்திரிகைதான். ரெண்டு கீது."

"ரெண்டா? நல்லாப் பாருய்யா, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கா இருக்கும்."

"பக்கத்து வூட்டுக்கு எவன் பத்திரிகை வைக்கிறான்? அந்தம்மா மொய்யே எய்தாது."

மற்ற வீடுகளில் தை பிறந்தால் சந்தோஷம். எங்கள் வீட்டில் ஆடியும் மார்கழியும்தான் நல்ல மாதங்கள், ஏனென்றால் அப்போது கல்யாணம் கிடையாது. மார்கழியில் அக்கா பெரிதாகக் கோலம் போடுவார். ஆவணி பிறந்தால் மறுபடியும் வாசலுக்கும் மெஷினுக்கும் நடப்பார்.

இப்படி ஒவ்வொரு வீடாகச் செய்து முடித்துக்கொண்டு வந்தார். ஒருவருக்கும் தாமதமில்லை, ஒருவருக்கும் குறையவில்லை. செல்வி பெரியவளானபோது அத்தை மறுபடியும் வந்தார்.

"சடங்கைப் பெருசா வையி. இப்ப வர்றதை வச்சு, மூழ்கின வளையலுக்குப் பதிலா புதுசு எடுத்துரலாம்ல?"

"போன தடவையும் இப்படித்தானே அத்தை சொன்னீங்க. என் கால் இன்னும் நிக்கலை."

"அப்ப நாங்க செய்யுற மொய் கசக்குதாக்கும்?"

"கசக்கலை அத்தை. இனிக்குது. அதான் பயமா இருக்கு."

வீட்டோடு தண்ணீர் ஊற்றி, புதுப் பாவாடை தாவணி கட்டிச் சடங்கை முடித்துவிட்டார். அதற்காகச் சில உறவினர்கள் வெகுநாள் பேசாமலிருந்தார்கள். அவர்களும் இன்று வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருப்பார்கள். அக்காவின் மனதில் அவர்கள்மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். அத்தானோடு கடையில் வேலை பார்த்த அண்ணாச்சி. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தனி அறை, ஒரு பெட்டி, ஒரு பாய். காது குத்துக்குத் தன் தீபாவளி போனஸிலிருந்து நூற்றொரு ரூபாய் எழுதியவர். அன்றைக்கு எல்லோரையும்விட அவர் எழுதியதுதான் அதிகம். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர் வீட்டில் என்ன விசேஷம் வரும்? அக்கா அவருடைய விசேஷத்துக்காக வருடக் கணக்கில் காத்திருந்தார். அண்ணாச்சி சைக்கிள் வாங்கினார் என்று கேட்டதும் வெற்றிலை பாக்கோடு கிளம்பிவிட்டார்.

"சைக்கிளுக்கு மொய்யா? நல்லாருக்கே தங்கச்சி! பஞ்சர் ஆனா இன்னொரு தடவை வருவீயளா?"

"அப்ப சும்மாவே வாங்கிக்கங்க அண்ணாச்சி."

அவர் முகம் மாறிவிட்டது. "விசேஷம் இல்லாம திருப்பிக் குடுத்தா, இனி வராதேன்னு அர்த்தம். என்னைய வேணாம்ங்கியளா?"

அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினார். அதன்பிறகு தூக்கம் குறைந்தது. தைத்துக்கொண்டே இருப்பவர் எழுந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். நெஞ்சு வலி வந்து டாக்டர் படுக்கச் சொன்ன பிறகும், "அண்ணாச்சிக்குப் பொண்ணு பாத்தாங்களாமா?" என்று அத்தானிடம் விசாரிப்பார். அண்ணாச்சிக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி வேலையை விட்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் நூல், ஊசி, பித்தான் விற்கும் ஒரு சின்னக் கடை வைப்பதாகச் செய்தி வந்தது. அக்கா படுக்கையிலிருந்து எழுந்து தலை வாரிக்கொண்டார். யார் தடுத்தும் கேட்கவில்லை. ரிக்‌ஷாக்காரரே தயங்கினார்.

"இன்னாம்மா, மூச்சு இப்படி வாங்குது, எங்கே பொறப்பட்டே?"

"மொய் எழுத."

"அது ஓடியா பூடும்? நாளைக்கு எய்தேன்."

"நீ மிதிப்பா."

கடை வாசலில் மாவிலைத் தோரணம் மட்டும் இருந்தது. அண்ணாச்சி பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"கடை தொறக்குறது விசேஷந்தானே அண்ணாச்சி?"

"விசேஷந்தான்..."

"அப்ப எழுதுங்க."

எழுத நோட்டு இல்லை. புது பில் புத்தகம்தான் இருந்தது. அதன் முதல் தாளில், ஒரு பித்தான்கூட விற்பதற்கு முன்னால், அக்கா பெயரையும் நூற்றிரண்டு ரூபாயையும் அண்ணாச்சி எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ரூபாய் கூட்டிட்டியளே தங்கச்சி."

"கூட்டாம இருப்பேனா?"

அப்போதுதான் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். காலை நீட்டி, சோடா வாங்கித் தரச் சொல்லி நிதானமாகக் குடித்தார். எழுந்திருக்க அவசரப்படவே இல்லை. ரிக்‌ஷாக்காரர்தான் மணி அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அக்கா எங்களை விட்டுப் போனார்.

கருமாதியன்று மொய் எழுத யாரையும் உட்கார வைக்கவில்லை. அது அக்கா சொல்லிவிட்டுப் போனது. அண்ணாச்சி மட்டும் பந்தலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். "எழுதுறவரு எங்க தம்பி? எனக்கு ஒரு ரூவா பாக்கி இருக்கே" என்று என்னைக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தேன்.

அக்கா படுத்திருந்த நாட்களில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த போர்ஷன்காரர்களுக்கும், அன்று காசு வாங்க மறுத்த ரிக்‌ஷாக்காரருக்கும், எல்லா வேலையையும் முன்னின்று செய்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பணம் எதுவும் வைக்க வேண்டாம். அக்கா யாருக்கும் தர வேண்டியதில்லாமல் போனவர், அப்படியே இருக்கட்டும். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

அண்ணாச்சிக்கு அன்று நான் சொல்லாத பதில் இது. செல்வி கல்யாணத்தில் அந்த ஒரு ரூபாயை வாங்கிக்கொள்கிறோம். நீங்கள் கூட்டாமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு ரூபாய்க்கு மேல் கூட்ட வேண்டாம்.