மடிப்புக்காரிகள் கயிறு பிடித்த நாள்

அவள் மாடிப்படி ஏறினால் கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். சலவைத் தொழிற்சாலையில் அவளுக்கு இடி என்று பெயர். வயதில் சிறியவர்களுக்கு இடியக்கா. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறந்த வீட்டில் அதே நடைக்காக வாங்கிய பெயர்கள் இதைவிட மோசம். பெண்பிள்ளை ஓடக் கூடாது, சுவர் ஏறக் கூடாது, பல் தெரியச் சிரிக்கக் கூடாது, காலை அகட்டி நிற்கவே கூடாது. அம்மாவின் திருப்திக்காகக் கொஞ்ச நாள் நுனிக்காலில் நடந்து பார்த்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். பள்ளி விட்டு வந்த மகள் நாற்காலியில் கால் நீட்டிச் சரிந்து கிடந்தால், "ஒழுங்கா உட்காரு, காலை ஒடுக்கு" என்று இவள் வாயே சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அவள் வேலை பார்த்த இடத்தில் ஆஸ்பத்திரிகளின் துணியும் ஓட்டல்களின் துணியும் மலையாக வந்து இறங்கும். கொட்டகையின் இடப்பக்கம் மெஷின்கள், ஆண்கள். வலப்பக்கம் மடிப்பு மேஜைகள், பெண்கள். தள்ளுவண்டிக்காக நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் தாண்டியதும் இல்லை. இடியின் கணவன் கோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மெஷினில்.

அவளுக்கு அந்த மெஷின்கள் மேல் ஒரு கண். வட்டக் கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியைத் திருகி, உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பல வருட ஆசை. நாலாம் மெஷின்காரர் வேலையை விட்டுப் போனதும், டீ வேளையில் நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"அந்த இடத்துக்கு நான் வர்றேன்."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, விளையாடறியா? ஈரத் துணி என்ன கனம் தெரியுமா? அதுக்கு உடம்புல தெம்பு வேணும்."

"அந்த ஈரத் துணியைத்தானே நாங்க பிரிச்சு உதறறோம்?"

"உதறறது வேற, தூக்கறது வேற." பேச்சை மாற்ற அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஆண்டு விழா அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. பெண்களுக்கு ஸ்பூனில் எலுமிச்சை. ஆண்களுக்குக் கயிறு இழுத்தல், மெஷின்காரர்களும் வேன்காரர்களும். "இந்த வருஷம் வேன்காரங்களுக்கு அன்னைக்கு லோடு இருக்காம். எதிர்க்க ஆளே இல்ல. கயிறு பிடிக்காமலே பரிசு எங்களுக்கு!"

"ஆள் இல்லைன்னு யார் சொன்னது? நாங்க எட்டுப் பேர் இருக்கோம்."

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரி கண்ணீர் வரச் சிரித்தார். கணக்குப் பார்க்க வந்திருந்த மேனேஜரம்மா காதில் விழும்படியே சொன்னார்: "ஜெயிச்சுக் காட்டும்மா! நாலாம் மெஷின் உனக்கு."

"பேச்சு மாறக் கூடாது," என்றாள் இடி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் அன்று கணவன் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வருடா வருடம் கயிற்றின் கடைசி ஆள் அவன்தான். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆணி அடித்தாற்போல் நிற்பவன்.

"எதிர்ல நின்னு என்னையே இழுக்கப் போறியா?"

"உங்களை மட்டுமா? எட்டுப் பேரையும்தான்."

"காலை அகட்டி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஆம்பளைங்க முன்னாடி... பார்க்க நல்லாவா இருக்கும்?"

"நீங்க வருஷா வருஷம் அப்படித்தானே நிக்கறீங்க? நான் கை தட்டிப் பார்க்கலையா?"

மகள் உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, புடவையோட எப்படி இழுப்பே? அப்பாவோட பழைய பேன்ட் ஒண்ணு இருக்கு."

"என் பேன்ட்டா!"

"ஜெயிச்சா பாதிப் பெருமை உங்களுக்குத்தானேப்பா."

அவன் எழுந்து போனான். பேன்ட்டை எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை.

மடிப்புப் பக்கம் அந்த வாரம் திருவிழாக் களை. ஒருத்தி தம்பியின் பேன்ட், ஒருத்தி புருஷனின் பேன்ட், ஊசி என்று பெயர் வாங்கிய ஒல்லிக்குச்சி மட்டும் பக்கத்து வீட்டுப் பையனின் கால்சட்டை. டீ வேளைகளில் இரண்டு படுக்கை விரிப்புகளை முறுக்கிக் கயிறாக்கி, நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் நின்று பழகினார்கள். இழுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. நாள் முழுக்க எதிரெதிரே நின்று, விரிப்பின் முனைகளைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, சுருக்கம் பறக்க ஒரே வெட்டு வெட்டுபவர்கள். அதற்கு இடி போடும் குரல்: "சாய்... வெட்டு... வா!" பழக்கத்திலும் அதே குரல். எல்லாம் ஜோராகத்தான் இருந்தது.

விழா நாளன்று பின்கட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பேன்ட் போட்ட எட்டுப் பெண்களைப் பார்த்ததும் விசில் பறந்தது. முன்னால் ஊசி, கடைசியில் இடி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு. எதிர்க்கோடியில் அவள் கணவன். அவன் அவளைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தான்.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். மேனேஜரம்மா கைக்குட்டையை இறக்கினார்.

"சாய்!" சாய்ந்தார்கள். "வெட்டு!" வெட்டியதும் மெஷின்காரர்கள் ஓரடி முன்னால் வந்துவிட்டார்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. இடி உற்சாகத்தில் கத்தினாள்: "வா!"

எட்டுப் பேரும் கயிற்றோடு முன்னால் நடந்து போனார்கள்.

அந்தப் பக்கம் ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்து விழுந்தார்கள். கயிறு அவர்களோடு போய்விட்டது. வெட்டியதும் எதிரே நடந்துபோய் முனையோடு முனை சேர்க்கிற கால்கள். அவை வேறென்ன செய்யும்? பழகும்போது இரு பக்கமும் சேர்ந்தே முன்னால் வந்ததால் ஒருத்திக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

"மடிக்கவா வந்தீங்க?" மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே இஸ்திரியும் போட்டுடுங்க!"

ஊசிக்கு அழுகை வந்துவிட்டது. "போதும்க்கா, மானம் போகுது."

"போனது ஒரு தடவைதான்." இடிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "பார்த்தியா, முதல் வெட்டுலயே ஓரடி வந்தாங்களே! நம்ம வெட்டு எட்டும் ஒண்ணா விழுது. அவங்க ஆளாளுக்கு ஒரு நேரத்துல இழுக்கறாங்க, தனித்தனியா வீரம் காட்டறாங்க. இனிமே 'வா' கிடையாது. சாய், வெட்டு, சாய். அவ்வளவுதான். யாராவது முன்னால கால் வெச்சீங்க, முதுகுலயே ஒண்ணு வைப்பேன்!"

இரண்டாவது இழுப்பு சட்டென்று முடிந்தது. சாய், வெட்டு, சாய். கூட்டம் என்ன நடந்தது என்று கேட்பதற்குள் மெஷின் பக்கத்து முதல் ஆள் கோட்டைத் தாண்டிவிட்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தத் தொடங்கினார்.

மூன்றாவதில் கயிறு நடுங்கியது; நகரவில்லை. இடி குதிகாலை மண்ணில் புதைத்து, கால்களை எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு அகட்டிக் கிடந்தாள். வானம் தெரிந்தது. பல் தெரிந்தது. எங்கிருந்தோ காதைக் கிழிக்கும் விசில். மதில்மேல் மகள், வாயில் இரண்டு விரல். "இன்னும் சத்தமா அடிடி!" என்று அம்மாவே கத்தினாள். "சாய்! வெட்டு! சாய்! வெட்டு!" எதிர்க்கோடியில் கணவனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் கால் சறுக்கியது. உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, சரளைக்கல்லில் புழுதி கிளப்பிக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.

பெண்கள் போட்ட கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஊசி தலைகீழாகக் கரணம் அடித்தாள்.

அப்போதுதான் மேஸ்திரி ஆரம்பித்தார். "சரிதான்பா, பொண்டாட்டி ஆசைப்பட்டா, இவன் விட்டுக்கொடுத்துட்டான்! நல்ல மனசு!"

"அதானே பார்த்தேன்," என்றார்கள் மற்ற ஆண்கள். அவர்கள் முகத்தில் நிம்மதி திரும்பியது. இடி கணவனைப் பார்த்தாள். அவன் புழுதியைத் தட்டியபடி ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தான். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. கைக்கு எட்டிய மரியாதையை எவன்தான் வேண்டாம் என்பான்?

இடி அவன் முன்னால் போய் நின்றாள். எட்டுப் பேர் இழுத்த இழுப்பை ஒரு சிரிப்பில் சுருட்டி வைக்கப் பார்க்கிறான்.

"விட்டுக்கொடுத்தீங்களா?"

அவன் இன்னொரு தடவை புழுதியைத் தட்டினான்.

"சரி, அப்ப கணக்கு தப்பு. இன்னொரு தடவை இழுப்போம். இந்தத் தடவை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஊசி, கயிறைப் பிடி!"

ஏழு பெண்களும் மறுபேச்சின்றிக் கயிற்றைப் பிடித்தார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் குனியவில்லை. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மூச்சு.

"புடிடா!" என்று மேஸ்திரி அவனைத் தள்ளினார்.

"எப்படிப் புடிக்கறது?" கணவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து மேஸ்திரியின் மூக்கருகே நீட்டினான். உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருந்தது. "இதோட நாலாவது தடவையா? விடாமத் தொங்கினேன்யா! நீங்க வந்து புடிச்சுப் பாருங்க!"

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. பெண்கள் பக்கமிருந்து கிளம்பிய சிரிப்பில் அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டான்.

"விளையாட்டுக்குச் சொன்னேம்மா," என்று மேஸ்திரி முனகினார்.

"நாங்களும் விளையாட்டுலதானே ஜெயிச்சோம்?"

மேனேஜரம்மா கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். "நீங்க சொன்னது எனக்கும் கேட்டுது மேஸ்திரி. திங்கக்கிழமையிலேர்ந்து நாலாம் மெஷின். ஒரு மாசம் பார்ப்போம்."

திங்களன்று கைக்கட்டோடு வந்த கணவனை, புண் ஆறும்வரை தலையணை உறை மடிக்கச் சொல்லி மேஸ்திரியே மஞ்சள் கோட்டைத் தாண்டி மடிப்புப் பக்கம் அனுப்பினார். இடி மெஷின் பக்கம் வந்தாள். ஈரத் துணி மேஸ்திரி சொன்னது போலவே கனம்தான். முதல் மூட்டையை வெளியே இழுத்ததில் தோள் நடுங்கியது. அதை வண்டியில் போட்டாள். அடுத்ததை உள்ளே திணித்து, வட்டக் கதவை ஓங்கி அறைந்து சாத்தி, கைப்பிடியைத் திருகினாள். தண்ணீர் இறங்கியது.

"இன்னும் என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கறீங்க," என்றாள் மெஷின்காரர்களிடம், "அடுத்த வண்டியைத் தள்ளுங்க!"