இரண்டு கண்ணாடிக் கைகள்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா அதைக் கேட்டாள். அம்மாவின் கம்மலைக் கேட்கவில்லை, தேக்குப் பெட்டியைக் கேட்கவில்லை. இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே நின்ற கண்ணாடிக் கைகள் இரண்டையும் கேட்டாள்.

"அது எனக்க அம்மைக்க சாதனம். எனக்குத் தந்திரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா என் அப்பாவின் மூத்த தாரத்து மகள். அவளைப் பெற்றவள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அக்கா பால்குடி மறக்கும் முன்பே அவள் செத்துப்போனாள். அதன் பிறகு அப்பா தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே எங்கள் ஊரிலேயே என் அம்மாவைக் கட்டினார். எங்கள் இருவரையும் வளர்த்தது என் அம்மாதான். அவள் குழி ஈரம் காய்வதற்குள், அடுத்தவள் சாமானை அமுக்கி வைத்திருந்தாள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னால் நான் எப்படிப் பொறுப்பேன்?

அவை பூச்சாடிகள். ஒரு சாண் உயரம். மணிக்கட்டிலிருந்து எழும் ஒரு கை, பூ வைக்கும் குழலைப் பிடித்திருக்கும். ஒன்று வலது கை, மற்றது இடது கை. செம்மஞ்சள் நிறம். வெயில் பட்டால், வள்ளத்தின் அடியில் தண்ணீரில் மண்ணெண்ணெய் படர்ந்ததுபோல் பச்சையும் ஊதாவும் ஓடும். கடற்காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க உள்ளே மணல் நிரப்பி, வாய்க்குச் சற்றுக் கீழே மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. மெழுகுக்கு மேலே உள்ள இடத்தில் பிளாஸ்டிக் பூவின் காம்பு நிற்கும்.

என் அம்மாவின் அப்பா கொழும்பில் வேலை பார்த்தபோது கப்பலில் கொண்டுவந்தது, வெள்ளைக்காரச்சி கையைப் பார்த்து வார்த்தது என்று நான் குவைத்வரை போய்ப் பீற்றியிருக்கிறேன். யார் சொல்லிக் கேட்டேன் என்று யோசித்தால், அம்மா வாயிலிருந்து கேட்டதாக நினைவில்லை. அப்பாதான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் அப்போது உயிரோடில்லை.

"யாரு பறஞ்சா ஒனக்கு?" என்றேன்.

"எனக்க அம்மைக்க வீட்டு மாமி. அடக்கத்துக்கு வந்தப்ப சாடியப் பாத்துட்டு அழுதா. எனக்க அம்மை கல்யாணத்துக்குக் கொண்டு போன கைன்னு சொன்னா."

"கடல் வந்தன்னைக்கு அம்மை எத எடுத்துட்டு ஓடினான்னு ஓர்மை உண்டா?"

அக்காவுக்குத் தெரியும். ஊர் முழுக்கத் தெரியும். சுனாமி அன்று நான் குவைத்தில் இருந்தேன். எங்கள் அம்மா தன் நகைப் பெட்டியை விட்டுவிட்டு, இந்த இரண்டு சாடிகளையும் சேலையில் சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். தாத்தா கொடுத்தது இல்லையென்றால் யாராவது அப்படி ஓடுவார்களா? எனக்கு அது போதுமான சாட்சி.

அக்கா இலைக்கட்டைக் கீழே வைத்தாள். "சின்னதுல ஒருக்கா நான் அதுல கை வச்சேன். அதுக்கு ஒனக்க அம்மை என்ன அடிச்சா. வேற எதுக்கும் அவ என்ன அடிச்சதில்ல, மக்கா. எனக்க அம்மைக்க சாதனத்தத் தொட்டதுக்கு எனக்கு அடி."

"என்னையும்தான் அடிச்சா" என்றேன். உண்மைதான். ஆனால் சொன்னபோது அது சப்பென்று இருந்தது.

குவைத்தில் என்னோடு நர்ஸ் வேலை பார்த்த கொச்சிக்காரி ஒருத்தியின் மாமனார் பழைய கண்ணாடிச் சாமான்கள் சேர்ப்பவர். அவரிடம் கேட்டால் எங்கே செய்தது என்று சொல்லிவிடுவார், கொழும்புக் கதை நிரூபணமாகும், அக்காவின் வாயும் அடைபடும். இதுதான் என் கணக்கு. அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

"யாருட்ட வேணாலும் கேளு. ஆனா நான் இல்லாம அதத் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டுக் குளச்சலில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள்.

படங்களை அனுப்பினேன். பதில் வரும்வரை வேறு நினைப்பே இல்லை. சாமி கும்பிடக் கண்ணை மூடினால் சாடி. கண்ணைத் திறந்தாலும் சாடி. பதில் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்காவை வரச்சொல்லிவிட்டேன். தனியாக வாசித்தால் மறைத்தேன் என்பாள். வந்து உட்கார்ந்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கம்ப்யூட்டரைத் திறந்து சத்தமாக வாசித்தேன்.

இதற்குக் கார்னிவல் கிளாஸ் என்று பெயர் என்று எழுதியிருந்தார். கண்ணாடியை அச்சில் அழுத்தி வார்த்து, சூடு ஆறும் முன்பே உலோக உப்பைத் தெளித்தால் இந்த மினுமினுப்பு வரும். வெளிநாட்டில் திருவிழா விளையாட்டுகளில் பரிசாகக் கொடுத்ததால் அந்தப் பெயர். ஆனால் இந்தக் கை உருவம் நம் நாட்டில், வடக்கே, சுதந்திரத்துக்கு முன்னால் வார்த்ததாகத்தான் தெரிகிறது. வலது கை, இடது கை என்று சோடியாகவே வரும். கொழும்புக்குப் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை, கடற்கரை ஊர்த் திருவிழாக் கடைகளிலேயே கிடைத்திருக்கும். 'கையில் வளையல் இருப்பதைக் கவனித்தீர்களா?' என்று கேட்டிருந்தார்.

பிறந்த நாள் முதல் அந்த வளையல் என் கண்ணெதிரே இருந்தது. வெள்ளைக்காரச்சி எந்த ஊரில் இப்படி வளையல் போட்டாள் என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு வரி. அடிக் கண்ணாடியின் நிறம் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அனுப்புங்கள்.

"கொட்டு" என்றாள் அக்கா.

வலது கையை எடுத்தேன். வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றி, கத்தி முனையால் மெழுகை மெல்லக் கிளப்பினேன். ஐ.சி.யூ.வில்கூட நான் இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. கல்லறைத் திருநாளில் எரிந்து மிஞ்சும் மெழுகுத்திரித் துண்டுகளை அம்மா உருக்கி, அவ்வப்போது விரிசல் விட்ட இடத்தில் ஊற்றுவாள். மேலே வெள்ளை, கீழே போகப் போகப் பழுப்பு. கடைசித் துண்டு பெயர்ந்ததும் சாடியைப் பழைய பேப்பரில் கவிழ்த்தேன்.

கொட்டியது கருமணல்.

எங்கள் ஊர் மணல் வெளுத்தது. கால் வைத்தால் பொலபொலவென்று புதையும். இது மாவாட்டம் நைசாக, கனமாக, கறுப்பாகக் குவிந்தது. மணவாளக்குறிச்சிக் கரையில் கிடப்பது அதுதான். இந்த ஜில்லாவில் கடலைப் பார்த்த எவருக்கும் அதை அடையாளம் தெரியும். இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா எங்கேருந்தாவது கொண்டு வந்திருப்பாவ. கனம் கூடுதலுல்லா."

"முற்றம் நெறைய மணல வச்சிட்டு அப்பா அங்க மணலெடுக்கப் போனாவளாக்கும்" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவளைப் பெற்றவளின் போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"ஒனக்க அம்மைக்குத் தெரியும்" என்றாள்.

தெரிந்திருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாதான் கழுவுவாள், வேறு யாரையும் விடமாட்டாள். சொட்டுத் தண்ணீர் இறங்காமல் சாடியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கழுவுவாள். மணலை மாற்றியதே இல்லை.

"கொட்டி எறியாம வச்சிருந்தாளே, அக்கா."

"வச்சிருந்தா. எனக்கிட்ட சொன்னாளா?"

இடது கையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "ரெண்டும் ஒனக்க அம்மைக்கதுதான். கொண்டுபோ."

அக்கா கருமணலை ஒரு மணி சிந்தாமல் மறுபடி வலது கைக்குள் போட்டு, துணியால் வாயை அடைத்துத் தன் பையில் வைத்தாள். இடது கையைத் தொடவில்லை.

"அது இங்க நிக்கட்டு. எனக்க அம்மைய எனக்கு ஓர்மை இல்ல. எனக்குச் சோறு தந்தது ஒனக்க அம்மை. எனக்கு அவ மேல உள்ள கோவம் தீரல்ல, தீந்தப்பொறம் வந்து எடுத்துக்கிடுதேன்."

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். கொச்சிக்காரருக்கு நான் அந்தப் படத்தை அனுப்பவே இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முற்றத்துக் குழாயடியில் இடது கையை வைத்துக் கழுவினேன். யாரும் சொல்லித் தராமலே என் உள்ளங்கை அதன் வாயைப் பொத்திக்கொண்டது. சோப்பு வழுக்கியது. என் மகள் ஓடி வந்து, "நான் பிடிக்கேன்" என்று அதில் கை வைத்தாள். நான் சட்டென்று கையை ஓங்கிவிட்டேன். பிள்ளை மிரண்டு பின்னால் போனது. நானும் மிரண்டு போனேன். உடைந்தால் அக்காவுக்கு என்ன சொல்வேன் என்பதைத் தவிர அந்த நொடியில் எனக்குள் வேறு ஒன்றுமே இல்லை.

சாடியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஈரக் கையோடு அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா எதற்கு அடித்தாள், நகையை விட்டுவிட்டு ஏன் சாடிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது என்றேன். பின்னணியில் அவள் வீட்டில் யாரோ குடில் கட்டும் சத்தம் கேட்டது.

"பிள்ளைய அடிச்சியா?"

"இல்ல. ஓங்கினேன்."

"அடிக்காத. யாருக்க சாதனம்னு அதுக்கிட்ட சொல்லு."

போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். முதலில் வரமாட்டேன் என்றாள். பிறகு வந்தாள். சாடியை அவள் கையில் கொடுத்து, கீழே என் கையையும் தாங்கலாக வைத்துக்கொண்டு, இது பெரியம்மையைப் பெத்த அம்மைக்கது என்று சொன்னேன்.