நேராக்கி வைத்த சீட்டு

தொழிற்சாலை மருத்துவமனையிலிருந்து உயர் சிகிச்சைக்கு வெளி மருத்துவமனைக்கு அனுப்பக் கோரும் மனுவுக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆவடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இப்படிப்பட்ட விதிகளை ஊருக்கெல்லாம் எடுத்துக்காட்டியே ஓய்வு பெற்றவன் நான். மனைவியின் இதய வால்வுக்காக நானே எழுதிய மனு ஏழு வாரமாக மேலிடத்தில் கிடந்தது. மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். நான்காவதற்கு விதியில் இடமில்லை.

சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு மாடியில் அழகு நிலையம் நடத்தும் பெண், கைப்பேசியில் பார்த்து, வருங்காலம் சொல்லும் டாரோ சீட்டு படிக்கக் கற்றிருந்தாள். அனுமதிக் கடிதம் வருமா என்று கேட்க வேண்டும் என்றாள் மனைவி. மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். நான் துணைக்குப் போனேன்.

நடந்தது, நடப்பது, வரப்போவது என்று மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள் அந்தப் பெண். முதல் சீட்டில் சிம்மாசனத்தில் ஓர் அரசன்.

“ஊட்ல ரூல்ஸ் பேசிக்கினே ஒருத்தர் கீறாரு ஆன்ட்டி.”

மனைவி சிரித்தாள். இரண்டாவதில், கண்ணும் கையும் கட்டப்பட்ட ஒருத்தி.

“இன்னாவோ ஒண்ணுல மாட்டிக்கினு கீறீங்க.”

“அதுக்குச் சீட்டு எதுக்கும்மா? நான் படியேறினதைப் பாத்தாலே தெரியுமே.”

மூன்றாவதை மனைவியையே திருப்பச் சொன்னாள். அதே நேரம், உள்ளே தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தவர் எரிகிறது என்று கூப்பிட, எழுந்து ஓடினாள். மனைவி திருப்பினாள். வானத்தில் எட்டுக் கோல்கள். ஆனால் நதியும் குன்றும் மேலே, வானம் கீழே. நான் சீட்டை எடுத்து நேராக வைத்தேன். கோப்பில் தலைகீழாக இருக்கும் தாளை என் கை யாரையும் கேட்காமல் நேராக்கிவிடும்.

திரும்பி வந்தவள் கைதட்டினாள். “சூப்பர் ஆன்ட்டி! கோலு பறந்துகினு வருது. சேதி சீக்கிரமா வந்துடும்.”

“தலைகீழா விழுந்திருந்தா?” என்றேன்.

“லேட்டு அங்கிள். வந்தாலும் யூஸ் இல்ல. நல்லவேளை, நேரா வுழுந்துது.”

மனைவியின் முகத்தைப் பார்த்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அதில் ஒரு தெளிவு. நம்பாத ஆவணத்தில் திருத்தம் செய்வானேன் என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள், கடிதமே தேவைப்படாத அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போய்விடலாம் என்றேன். தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“அதான் வரப்போகுதே. இன்னும் பத்து நாள் பாப்போம்.”

“அந்தச் சீட்டு தலைகீழாத்தான் விழுந்தது. திருப்பி வெச்சது நான்.”

“பாத்தேனே,” என்றாள். “நீங்க திருப்பினா அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு எத்தனையோ சொன்னேன். சரியான நடைமுறை தெரிந்தவரின் மனைவி, சரியான நடைமுறைக்காகக் காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் வாங்கியவள் அதைக் குடிக்கவில்லை.

அனுமதிக் கடிதம் பிறகு வந்தது. பிழையே இல்லாத கடிதம். பழக்கத்தில், அதன் ஓரத்தில் பெற்ற தேதியை எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அன்று அவளுடைய பதினாறாம் நாள்.