அறுபது பாகையில் தேங்காய் எண்ணெய்

1939 மார்ச் 6, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடியில் குளித்தேன். இடியப்பம், சொதி. வெள்ளவத்தையில் வழக்கமான ரயிலைப் பிடித்தேன். ஆனால் வரைபடம் வரைந்து சம்பளம் வாங்கும் கந்தோருக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையின் பின்கொட்டகையில்தான் என் முதுமாணிப் பட்டம் நடந்துகொண்டிருந்தது.

இயந்திரப் பொறியியலில் எம்.எஸ்ஸி. என்கிற முதுமாணி என்றால் லண்டனுக்குக் கப்பலேற வேண்டும். ஏற வசதியில்லாதவர்களுக்குக் கருணையோடு ஒரு வழி வைத்திருந்தார்கள். இங்கேயே இருந்து ஆய்வு செய்து, கட்டுரையை மட்டும் கப்பலேற்றலாம். ஒரே நிபந்தனை, பரிசோதனையைத் தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தகுதி கொழும்பில் ஓர் ஆங்கிலப் பேராசிரியருக்கு இருந்தது. அவர் மறுநாள் மத்தியானக் கப்பலில் நீண்ட விடுமுறையில் போகிறார். திரும்பி வரும்போது எனக்குக் கொடுத்திருந்த தவணை முடிந்திருக்கும். ஆகவே போவதற்குள் கையெழுத்து, இல்லாவிட்டால் பட்டமே இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இரண்டாம் தடவை பதிவு செய்ய லண்டன் சம்மதித்தாலும் என் வீடு சம்மதிக்காது.

சுழலும் இரும்புத் தண்டைத் தாங்கும் பெயாரிங்குக்குச் சீமையிலிருந்து தகர டின்னில் வரும் எண்ணெய்தான் விட வேண்டுமா, இங்கே பிழிகிற தேங்காய் எண்ணெய் போதாதா என்பதே என் ஆய்வு. மனைவி இதை ஒரு கேள்வியாகவே ஏற்கவில்லை.

"இஞ்சாருங்கோ, தலைக்கு வைக்கிறதை இரும்புக்கு வைக்கலாமோ எண்டு பாக்க லண்டனிலை ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறாரோ?"

இருக்கிறார் என்றேன்.

"அப்ப அவருக்கும் ஒரு போத்தல் அனுப்புங்கோ. மண்டைச் சூடு தணியட்டும்."

பெயாரிங்கில் கிடந்த தண்டை ஆலை என்ஜினின் தோல் பட்டி சுழற்றியது. மாதக்கணக்காக அளவெடுத்திருந்தேன். சீமை எண்ணெய்க்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. பேராசிரியர் மட்டும் முகம் சுளித்தார். என் அளவுகள் பாரன்ஹீட் வெப்பமானியில் எண்பத்து நாலு பாகையில் எடுத்தவை. பாடநூல் அட்டவணைகள் அறுபது பாகையில் உள்ளவை. கொழும்பில் அறுபது பாகை கிடையாது என்றேன். அது கொழும்பின் குறை, அட்டவணையின் குறை அல்ல என்றார்.

எனவே அறுபது பாகையை ஐஸாக வாங்கினோம். ஆலையின் மேற்பார்வையாளர் என் பள்ளித் தோழர். உமியில் பொதிந்த கட்டிகளைக் கொட்டகைக்குள் அடுக்கிவிட்டு வாசலில் நின்றார்.

"மச்சான், ரெண்டு பேர் வந்து மீன் என்ன விலை எண்டு கேட்டுட்டுப் போறாங்கள்."

"நீ என்ன சொன்னனீ?"

"துரை வந்து பாத்தாப் பிறகுதான் வெட்டுவம் எண்டனான்."

துரை பத்து மணிக்கு வந்தார். ஜன்னல்களை அடைத்து ஈரச் சாக்குத் தொங்கவிட்டிருந்தோம். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி ஐஸ். வெப்பமானி இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது. கோட்டின் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். இலங்கையில் அவர் அவ்வளவு சுகமாக இருந்ததை நான் கண்டதில்லை.

எழுபதில் எண்ணெய் கலங்கியது. அதற்குக் கீழே வெளுத்தது. அறுபதில், அவர் கேட்ட அதே அறுபதில், தொட்டிக்குள் இருந்தது மெழுகு. தண்டு இறுகி நின்றது. பட்டி அதன்மேல் சறுக்கிக் கீச்சிட, நண்பர் ஓடிப்போய்க் கழற்றிவிட்டார்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. மலையேறி நுவரெலியாவில் ஓர் இரவு தங்கியவர்கூட, தலைக்கு எண்ணெய் வைக்க முதல் போத்தலை வெயிலில் வைத்திருப்பார். நானே நானுஓயாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை அளக்கப் போனபோது விரலால் தோண்டி எடுத்திருக்கிறேன். நண்பருக்கு எண்ணெய்தான் தொழில். பேராசிரியர் ஏப்ரல் மாதங்களை மலைநாட்டில் கழிப்பவர். ஆனால் அன்று மூவரும் அட்டவணையின்படி நடந்துகொண்டிருந்தோம். அட்டவணையில் தலைமயிரைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இதற்குள் என்ன போட்டீர்?" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அறுபது பாகை, சேர்."

நண்பர் சமயமறிந்து அவரை ஆலைக் கந்தோருக்குத் தேநீருக்கு அழைத்துப் போனார். நான் ஐஸை வழித்து வெளியே எறிந்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நானும் போனேன். பேராசிரியர் இங்கிலாந்தின் வசந்த காலத்தைப் பூப்பூவாக விவரித்தார். வெளியே வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியது. நாங்கள் திரும்பி வந்தபோது எண்ணெய் மறுபடி எண்ணெயாகியிருந்தது. பட்டியை மாட்டினோம். தண்டு குழந்தைத் தொட்டில்போல் சத்தமில்லாமல் சுழன்றது. எண்பத்து நாலு பாகை. பேராசிரியர் தாமே அளவுகளை வாசித்தார். என் பழைய அளவுகளேதான்.

"நன்று. இவற்றைப் புத்தகத்திலுள்ள சூத்திரத்தால் அறுபதுக்கு மாற்றி எழுதிக் காலையில் கொண்டுவாரும். கையெழுத்திடுகிறேன்."

"அறுபதில் அது உறைந்ததைப் பார்த்தோமே, சேர்?"

"நாம் பார்த்தது ஒரு விபத்து. சூத்திரத்துக்கு விபத்து நேராது."

அவர் போனதும் நண்பர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "பேயன் மாதிரி யோசியாதை, மச்சான். அது சூத்திரத்திலை சுத்தட்டும். உனக்குப் பட்டம் வந்தாச் சரி."

மாலையில் வீட்டு மேசையில் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். அறுபது பாகையில் தேங்காய் எண்ணெய் மிக நேர்த்தியாக நடந்துகொண்டது. கடதாசியில் அதைப் போல ஓர் எண்ணெய் உலகத்தில் இல்லை. ஆனால் அளக்காத அளவை நான் எந்த வரைபடத்திலும் எழுதியதில்லை. அப்படி எழுதினால், எங்கோ ஒரு துளைக்குள் ஆணி போகாது. இதை நம்பி யாராவது நானுஓயாவில் ஒரு பெயாரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால், விடிகாலையில் அந்த என்ஜினைக் கிளப்பப் போகிறவன் லண்டன்காரன் அல்ல. எண்பத்து நாலு பாகை என்றே எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: கரையோரத்துக்கு உகந்தது, அறுபது பாகையில் உறைந்து தண்டை நிறுத்தியது, மலைநாட்டுக்கு ஆகாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதைத்தானே நான் சும்மா சொல்லியிருப்பன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை எழுந்ததும், குளிக்க முதலே, ஹெவ்லொக் டவுனில் இருந்த பேராசிரியரின் பங்களாவுக்குப் போனேன். மூட மறுத்த ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். "அறுபதுக்கு மாற்றவில்லை, சேர். நடந்ததை எழுதியிருக்கிறேன்," என்றேன். "முதலில் அந்த மூலையை அழுத்தும்," என்றார். அழுத்தினேன். பூட்டு விழுந்தது. மூடியின்மேல் தாளை விரித்துப் படித்தார். கடைசி வரியில் பேனா நின்றது. வாசலில் கார் ஹோர்ன் அடித்தது. கையெழுத்திட்டுவிட்டு, பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கச் சொன்னார்.