அக்கா செத்தது எனக்கு வரவில்லை

கந்தர்வக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா செத்துப்போனாள். அவள் மகன் அந்தச் செய்தியைச் சமூக வலைத்தளத்தில் போட்டான். அன்று முழுக்க நான் நார்த்தாமலையில் அதே வலைத்தளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு வந்தது, ஆட்டுக்கு வரும் நோய் வந்தது, மறுபடியும் ஆடு வந்தது. என்றைக்கோ ஓர் ஆட்டுக்கொட்டகை வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். எனக்கு அது போதும் என்று அந்தச் சனியன் முடிவு செய்துவிட்டது. அக்கா செத்த செய்தியை மறுநாள் காலையில்தான் காட்டியது. அதற்குள் எரித்துவிட்டார்கள்.

போய் நின்றேன். "ஏன்டா, ஒரு போன் போட மாட்டியா?"

"தகவல் போட்டேனே மாமா. ஊரே பாத்துச்சு. துக்கத்துக்கு வாங்கன்னு யாராச்சும் கூப்பிடுவாங்களா? ஒங்க கோடிக்காகத்தான் சாயங்காலம் வரைக்கும் எடுக்காம வச்சிருந்தோம்."

எங்கள் பக்கம் சாவைச் சொல்வார்கள், வா என்று அழைக்க மாட்டார்கள். சொன்னதும் பிறந்த வீட்டார் கோடிச்சேலையோடு வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் பெண்ணை எடுப்பார்கள்.

"அப்பறம் யாருடா போத்துனது?"

"பக்கத்து வீட்ல ஒரு சேலை குடுத்தாங்க. மாமாவுக்கு என்னமோ கோவம்னு பேசிக்கிட்டாங்க."

போனை அவன் முன்னால் நீட்டினேன். தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"எனக்கு ஒரு ஆடுகூட வந்ததில்லையே மாமா. எல்லாருக்கும் ஒண்ணுதான் வரும்னுல்ல நெனச்சேன்."

அவன் நம்பினான். வாசலில் இருந்த பெண்கள் நம்பவில்லை. போன் காட்டவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வேன்? அந்த ஊருக்கு நான், அக்காவுக்குக் கோடி போடாத தம்பி.